கல்வியியல் பிஎச்.டி. செய்கிறீர்களா? காசும் காலமும் மிச்சமாக 50 குறிப்புகள்

பள்ளிக்கூட வேலை, வீட்டு வேலை இரண்டையும் பார்த்துக்கொண்டே கல்வியியலில் ஆய்வு செய்யும் தோழிகளே, தோழர்களே! கருதுகோள், மாறி, மாதிரி எல்லாம் எம்.எட்.டிலேயே படித்துவிட்டீர்கள். ஆய்வேட்டை ஆண்டுக்கணக்கில் இழுத்தடிப்பது பெரும்பாலும் ஒரே வேலையை இரண்டு முறை செய்யவைக்கும் சின்னச் சின்னக் கவனக்குறைவுகள்தான். தமிழ்நாட்டில் ஆய்வு செய்பவர்களுக்குக் கைகொடுக்கும் வழிகளை இங்கே தொகுத்திருக்கிறோம். உங்களுக்குத் தோதானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பதிவு, கைடு, தலைப்பு

1. பதிவுத் தேதியை டைரியின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். யு.ஜி.சி.யின் 2022 விதிகள்படி குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் 2 ஆண்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் கூடுதலாக 2 ஆண்டு சலுகை உண்டு. காலம் போய்விட்டதே என்று பாதியில் விட்டுவிடாதீர்கள்.

2. பெண் ஆய்வாளர்களுக்கு மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பாக ஆய்வுக் காலம் முழுவதற்கும் சேர்த்து 240 நாள் வரை உண்டு. வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போகாமல் எழுத்தில் விண்ணப்பித்து, அலுவலக முத்திரை போட்ட நகலை வாங்கிவையுங்கள்.

3. பகுதிநேர ஆய்வுக்கு வேலை பார்க்கும் இடத்திலிருந்து என்.ஓ.சி. வேண்டும். பல்கலைக்கழகத்தின் மாதிரிப் படிவத்தை முதலில் வாங்கி, அதே வாசகத்தில் கேட்டுப் பெறுங்கள். வேறு வாசகத்தில் வாங்கினால் மறுபடி அலைய நேரும்.

4. கைடைத் தேர்ந்தெடுக்கும் முன் அவர் ஓய்வுபெறும் ஆண்டைத் தெரிந்துகொள்ளுங்கள். ஓய்வுக்கு 3 ஆண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிய ஆய்வாளரைச் சேர்க்க முடியாது. பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரைதான் வைத்துக்கொள்ளலாம். இடம் காலியாக இருக்கிறதா என்பதையும் போன உடனே கேட்டுவிடுங்கள்.

5. கைடின் பழைய மாணவர்கள் சமர்ப்பித்த ஆய்வேடுகளை ‘ஷோத்கங்கா’ தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். இரண்டைப் புரட்டினாலே அவருக்கு எந்த ஆய்வு முறை பிடிக்கும், எப்படிப்பட்ட அட்டவணை கேட்பார் என்பது ஒரே மாலையில் பிடிபட்டுவிடும்.

6. தலைப்பை முடிவு செய்யும்போதே பஸ் வசதியையும் பாருங்கள். அரை நாளில் போய்த் திரும்பக்கூடிய ஒன்றியங்களுக்குள் மாதிரியை வைத்துக்கொண்டால் பஸ் கட்டணமும் தற்செயல் விடுப்பும் மிச்சம்.

7. 10, 12-ஆம் வகுப்பு மாணவர்களை மாதிரியாக எடுப்பதைக் கூடியவரை தவிருங்கள். பொதுத்தேர்வு வகுப்பில் ஒரு பீரியடு விட்டுத்தரத் தலைமையாசிரியருக்கு மனம் வராது. 9-ஆம் வகுப்பென்றால் தயங்காமல் தருவார்.

8. முக்கிய மாறிகள் மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒரு மாறி கூடினால் ஒரு கருவி கூடும், முன்னாய்வில் ஒரு பகுதி கூடும், அட்டவணைகள் கூடும். தலைப்பில் ஒரு சொல்தான் அதிகம், வேலையோ மாதக்கணக்கில் அதிகம்.

9. தலைப்பு புதிதுதானா என்று பார்க்க ‘ஷோத்கங்கோத்ரி’யிலும் தேடுங்கள், நடந்துகொண்டிருக்கும் ஆய்வுகளின் முன்மொழிவுகள் அதில் இருக்கும். முக்கியச் சொற்களை முன்பின் மாற்றிப் போட்டுத் தேடினால் ஒன்றும் கண்ணில் படாமல் தப்பாது.

கோர்ஸ் வொர்க்கும் குழுவும்

10. கோர்ஸ் வொர்க்குக்குக் குறைந்தது 12 கிரெடிட். ஆய்வைத் தொடர அதில் 55 சதவீதம் வாங்க வேண்டும். அசைன்மென்ட், செமினார் எல்லாவற்றையும் உங்கள் ஆய்வுத் தலைப்பை ஒட்டியே கேட்டு வாங்குங்கள். மதிப்பெண்ணும் கிடைக்கும், இரண்டாம் இயலுக்கு நல்ல அச்சாரமும் போட்டாகிவிடும்.

11. ஒவ்வொரு பருவமும் ஆய்வு ஆலோசனைக் குழு முன் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். அதற்கென்று ஒவ்வொரு முறையும் புது பி.பி.டி. போடாமல், ஒரே கோப்பில் நாலைந்து ஸ்லைடு சேர்த்துக்கொண்டே வாருங்கள். வைவாவுக்கு வேண்டிய பி.பி.டி. அதிலிருந்தே கிடைத்துவிடும்.

12. குழு சொன்ன திருத்தங்களை அன்றைக்கே தேதி போட்டு எழுதி, கைடிடம் கையெழுத்து வாங்குங்கள். ‘போன முறை என்ன சொன்னோம்?’ என்று அடுத்த கூட்டத்தில் கேட்டால் அந்தத் தாளை நீட்டிவிடலாம்.

முன்னாய்வுகள்

13. ஷோத்கங்காவில் ஆய்வேடுகள் பெரும்பாலும் இயல்வாரியாகத் தனித்தனி பி.டி.எஃப். ஆக இருக்கும். முதலில் இரண்டாம் இயலையும் நூற்பட்டியலையும் மட்டும் இறக்குங்கள். எந்தக் கட்டுரைகளைத் தேடிப் படிக்க வேண்டும் என்ற பட்டியல் கையில் வந்துவிடும். சுருக்கத்தை அங்கிருந்து எடுக்காமல் மூலத்தைப் படித்து எழுதுங்கள்.

14. வெளிநாட்டு ஆய்வுகளுக்கு அமெரிக்கக் கல்வித்துறையின் ‘எரிக்’ தளம் இருக்கிறது, காசில்லை. முழுக் கட்டுரை கிடைப்பவை, வல்லுநர் மதிப்பீடு பெற்றவை என்ற இரண்டு கட்டங்களையும் டிக் செய்துவிட்டுத் தேடுங்கள். படிக்கக் கிடைக்காத தலைப்புகள் குறுக்கே வராது.

15. பழைய இந்திய ஆய்வுகளுக்கு எம்.பி. புச் பதிப்பித்த கல்வி ஆய்வு சர்வே தொகுதிகளைப் பாருங்கள். முதல் தொகுதி 1974-இல் பரோடாவிலிருந்து வந்தது. பழைய பி.எட். கல்லூரி நூலகங்களில் கேட்டுப்பாருங்கள், சுருக்கங்கள் ஒரே இடத்தில் கிடைக்கும்.

16. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கோ மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கோ போகிறவர்கள் வேண்டிய நூல்களின் பெயரை முதல் நாளே எழுதிக்கொண்டு போங்கள். தேடுவதில் கரையும் காலைப் பொழுது படிப்பதற்குக் கிடைக்கும்.

17. படித்த ஒவ்வோர் ஆய்வுக்கும் எக்செல்லில் ஒரு வரி போடுங்கள்: ஆசிரியர், ஆண்டு, மாதிரி, கருவி, முடிவு, என் ஆய்வு இதிலிருந்து எங்கே மாறுபடுகிறது. கடைசிக் கட்டத்தை ஒருபோதும் காலியாக விடாதீர்கள். ஆய்வு இடைவெளியை எழுத உட்காரும்போது அந்த ஒரு பத்தியை மேலிருந்து கீழே படித்தாலே விஷயம் வந்துவிடும்.

18. ‘ஸோட்டிரோ’ என்ற இலவச மென்பொருளை முதல் கட்டுரையிலிருந்தே பயன்படுத்துங்கள், ஏ.பி.ஏ. ஏழாம் பதிப்பு முறையில் நூற்பட்டியலை அதுவே அடுக்கித்தரும். அதன் இலவச இணைய இடம் 300 எம்.பி.தான். பி.டி.எஃப்.களைக் கணினியிலேயே வைத்துக்கொண்டு விவரங்களை மட்டும் ஏற்றினால் காசு கட்ட வேண்டியதில்லை.

19. பி.டி.எஃப். இறக்கியவுடன் பெயரை மாற்றிவிடுங்கள்: ஆசிரியர், ஆண்டு, ஒரு முக்கியச் சொல். எண்ணும் எழுத்துமாக வந்த பெயரோடு விட்டுவைத்தால் அதே கட்டுரையைத் திரும்பத் திரும்ப இறக்கிக்கொண்டிருப்போம்.

20. சுருக்கம் எழுதும்போது கட்டுரையை மூடிவைத்துவிட்டு எழுதுங்கள்; பிறகு திறந்து பெயரையும் எண்களையும் சரிபாருங்கள். வாக்கியம் சொந்தமாக வரும், ஒப்புமைச் சோதனையில் தலைவலியும் இராது.

21. ஏ.ஐ. செயலி தரும் நூற்பட்டியலை அப்படியே சேர்க்காதீர்கள். இல்லாத கட்டுரைக்கும் ஆசிரியர், ஆண்டு, இதழ் எல்லாம் போட்டுத் தந்துவிடும். கட்டுரை கைக்கு வந்து நீங்களே படித்தது மட்டும் பட்டியலில் ஏறட்டும்.

22. ‘இரண்டே நாளில் வெளியீடு’ என்று வாட்ஸ்அப்பில் வரும் இதழ்களுக்குப் பணம் கட்டாதீர்கள். 2022 யு.ஜி.சி. விதிகளில் கட்டுரை வெளியீடு கட்டாயமில்லை. உங்கள் பல்கலைக்கழகம் கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். யு.ஜி.சி.யின் கேர் பட்டியலும் 2025-இல் கைவிடப்பட்டுவிட்டது. இதழின் முந்தைய கட்டுரைகளைப் படித்து, கைடிடம் காட்டி, தரத்தை முடிவு செய்யுங்கள்.

கருவி

23. ஏற்கெனவே தரப்படுத்திய கருவி உங்கள் மாதிரிக்குப் பொருந்தினால் அதையே எடுங்கள். தயாரித்தவருக்கு மின்னஞ்சல் அனுப்பி அனுமதி வாங்கி, அந்தக் கடிதத்தைப் பின்னிணைப்பில் சேருங்கள். புதுக் கருவி செய்யும் மாதங்கள் மிச்சம்.

24. நீங்களே கருவி செய்வதாக இருந்தால், 40 கூற்று வேண்டுமென்றால் 60 எழுதுங்கள். முன்சோதனையில் 100 பேரிடம் வாங்கிய தாள்களை மதிப்பெண் வரிசையில் அடுக்கி, மேலே இருந்து 27, கீழே இருந்து 27 எடுத்து ஒவ்வொரு கூற்றுக்கும் டி மதிப்பு போடுங்கள், 1.75-க்குக் குறைந்தவற்றை அடித்துவிடலாம். நடுவிலிருக்கும் 46 தாள் இந்தக் கணக்குக்குத் தேவையே இல்லை.

25. ஆங்கிலக் கருவியைத் தமிழாக்கினால், மூலத்தைக் காட்டாமல் இன்னொருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத கூற்றை மாற்றுங்கள். பிறகு பக்கத்து வீட்டு 9-ஆம் வகுப்புப் பிள்ளையை உரக்க வாசிக்கச் சொன்னால், நாக்கு தடுக்கும் இடமெல்லாம் தெரிந்துவிடும்.

26. எதிர்மறைக் கூற்றுகளின் எண்களை உங்கள் பிரதியில் சிவப்பில் வட்டமிட்டுவையுங்கள். தாளில் உள்ள எண்ணை அப்படியே ஏற்றிவிட்டு, ஐந்து புள்ளி அளவுகோல் என்றால் எக்செல்லில் 6-லிருந்து கழித்துக்கொள்ளுங்கள். மனக்கணக்காகத் திருப்பி ஏற்றினால் பிழை புகுந்துவிடும்.

27. நம்பகத்தன்மைக்குக் குரோன்பாக் ஆல்ஃபா 0.70-க்கு மேல் இருந்தால் பொதுவாக ஏற்பார்கள். இதை முன்சோதனையிலேயே பார்த்துவிடுங்கள். முழு டேட்டாவும் வாங்கிய பிறகு குறைந்து வந்தால் திரும்பக் களத்துக்குத்தான் போக வேண்டும்.

28. இரண்டு கருவி இருந்தால் ஒன்றை வெள்ளைத் தாளிலும் மற்றதை இளமஞ்சள் தாளிலும் அச்சிடுங்கள். பிரித்து அடுக்குவது சுலபம். பிரதிகள் நூற்றுக்கணக்கில் என்றால் ஜெராக்ஸ் விலையோடு ரைசோ பிரிண்ட் விலையையும் கேட்டுப்பாருங்கள். இரு பக்கமும் அச்சிட்டால் தாள் செலவு பாதி.

களப்பணி

29. மாதிரி அளவுக்குக் கிரெஜ்சியும் மார்கனும் 1970-இல் வெளியிட்ட அட்டவணை கைகொடுக்கும்: 1,000 பேர் உள்ள முழுமைத்தொகுதிக்கு 278, 10,000 பேருக்கு 370, 10 லட்சம் பேருக்கே 384 போதும். அரைகுறைத் தாள்களை ஒதுக்க நேரும் என்பதால் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள்.

30. அரசுப் பள்ளிகளில் டேட்டா வாங்க முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதிக் கடிதம் தேவைப்படும். விண்ணப்பத்தோடு கைடின் கடிதம், கருவியின் நகல், பள்ளிகளின் பட்டியல் மூன்றையும் ஒரே தடவையில் இணைத்துவிடுங்கள். கடிதம் கைக்கு வந்ததும் பள்ளிக்கு ஒன்று வீதம் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

31. ஜூலை, ஆகஸ்ட், பொங்கல் கழிந்த ஜனவரி ஆகியவை களப்பணிக்கு ஏற்ற காலம். செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, மார்ச்சில் பொதுத்தேர்வு என்று பள்ளிகள் பரபரப்பாக இருக்கும். அக்டோபர், நவம்பரில் மழை விடுமுறை எந்த நேரமும் வரலாம்.

32. பி.டி. பீரியடைக் கேட்காதீர்கள், விளையாட்டை இழந்த பிள்ளைகள் ஏனோதானோவென்று டிக் அடித்துவிட்டு ஓடுவார்கள். ஆசிரியர் ஒருவர் விடுப்பில் இருக்கும் நாளில் அந்த மாற்று வகுப்பைக் கேளுங்கள், தலைமையாசிரியருக்கும் அது உதவிதான்.

33. தாளில் பெயர் கேட்க வேண்டாம். ‘இது பரீட்சை இல்லை, சரி தவறு கிடையாது, விருப்பமில்லாதவர்கள் எழுத வேண்டியதில்லை’ என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பயம் விலகி உள்ளதை எழுதுவார்கள். பையில் பத்துப் பதினைந்து பேனா வைத்திருங்கள். பேனா இல்லாத பிள்ளைகள் எந்த வகுப்பிலும் இருப்பார்கள்.

34. தாளை வாங்கும்போதே ஒரு முறை புரட்டிப் பாருங்கள். கவனிக்காமல் ஒரு பக்கத்தையே விட்டிருந்தால் அங்கேயே எடுத்துச் சொல்லி நிரப்பவைக்கலாம். மணி அடித்துவிட்டால் அந்தத் தாள் வீண்.

35. பள்ளி வாசலைத் தாண்டும் முன் தாள்களைக் கட்டி மேலே ஒரு சீட்டு வையுங்கள்: பள்ளி, தேதி, வகுப்பு, ஆண், பெண், கொடுத்தது, வந்தது. ஒவ்வொரு தாளின் வலது மூலையிலும் தொடர் எண் எழுதி, அதே எண்ணை எக்செல் வரிக்கும் கொடுங்கள். ஐந்து புள்ளிக் கருவியில் எங்கோ 7 என்று பதிவாகியிருந்தால் மூலத்தாளை நொடியில் எடுத்துப் பார்க்கலாம்.

கணக்கு

36. டேட்டா ஏற்றும்போது ஒருவர் வாசிக்க ஒருவர் தட்டினால் வேலை வேகமாக நடக்கும், கண்ணும் வலிக்காது. பத்துத் தாளுக்கு ஒன்று எடுத்துச் சரிபாருங்கள். ஆண் 1, பெண் 2 போன்ற குறியீடுகளை அதே கோப்பின் இன்னொரு ஷீட்டில் எழுதிவையுங்கள்.

37. ‘ஜமோவி’, ‘ஜாஸ்ப்’ இரண்டும் இலவசம். டி சோதனை, அனோவா, தொடர்புக் கெழு எல்லாம் போட்டுத்தரும். திருட்டு மென்பொருளை ஏற்றிக் கணினியைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கணக்கை வெளியாளிடம் விட்டாலும் வைவாவில் பதில் சொல்லப்போவது நீங்கள்தான்.

38. களத்துக்குப் போகும் முன்பே ஒரு கருதுகோளுக்கு ஓர் அட்டவணை என்று எண்கள் இல்லாமல் போட்டுவையுங்கள். எந்தக் கட்டத்துக்கு எந்தக் கேள்வி என்பது தெரியும். கேட்க மறந்த விவரம் கருவி அச்சுக்குப் போகும் முன்பே பிடிபடும்.

39. அட்டவணை வந்த அன்றே நான்கு வரி விளக்கமும் எழுதிவிடுங்கள். பெரிய மாதிரிக்கு 5 சதவீத மட்டத்தில் 1.96, 1 சதவீத மட்டத்தில் 2.58 என்பதை மேசை முன் ஒட்டிவையுங்கள். வேறுபாடு இல்லை என்று வந்தாலும் அதுவும் முடிவுதான், மறைக்காமல் எழுதுங்கள்.

எழுத்து

40. எழுதுவதை மூன்றாம் இயலில் தொடங்குங்கள். செய்ததை வரிசையாகச் சொன்னாலே போதும் என்பதால் தடங்கலில்லாமல் வரும். களத்திலிருந்து திரும்பிய வாரமே எழுதினால் தேதி, எண்ணிக்கை எதையும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

41. நாளுக்கு அரைப் பக்கம் எழுதினால் ஆண்டு முடிவில் 180 பக்கம் சேர்ந்துவிடும். வீடு விழிக்கும் முன் கிடைக்கும் அரை மணி நேரம் இதற்கு நல்லது. விடைத்தாள் திருத்தும் நாட்களில் நூற்பட்டியலைச் சரிபார்ப்பது போன்ற லேசான வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

42. வாரத்தில் ஒரு பொழுதை ஆய்வுக்கென்று காலண்டரில் குறித்து வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். அன்றைக்குச் சமையல் யார், பிள்ளைகளைப் பார்ப்பது யார் என்று முதல் நாளே பேசி முடித்தால் உட்கார்ந்த பிறகு எழ வேண்டியிராது.

43. வேர்டில் இயல் தலைப்பு, துணைத்தலைப்புகளுக்கு ‘ஹெடிங்’ ஸ்டைல் கொடுத்தே தட்டச்சு செய்யுங்கள். பொருளடக்கமும் பக்க எண்ணும் தானாக வரும். திருத்தம் வந்தாலும் ஒரே சொடுக்கில் மாறிவிடும், டி.டி.பி. கூலி மிச்சம்.

44. தமிழில் ஆய்வேடு எழுதுபவர்கள் யுனிகோடிலேயே தட்டச்சு செய்யுங்கள். தமிழ்நாடு அரசும் 2010-லேயே அதைத் தரமாக ஏற்றுவிட்டது. பழைய எழுத்துருவில் அடித்தால் வேறு கணினியில் திறக்கும்போது எழுத்தெல்லாம் குழம்பி, மறுபடி மாற்றுவதற்குத் தனிச் செலவு.

45. கோப்பின் பெயரில் தேதி சேருங்கள். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’ என்று வைத்தால் எது கடைசி என்று தெரியாது. கணினி, பென் டிரைவ், மின்னஞ்சல் என்று மூன்று இடத்தில் வாரம் ஒரு முறை சேமித்துவிடுங்கள்.

46. கைடிடம் மொத்தமாகக் கொண்டுபோய்க் கொட்டாமல் ஓர் இயலாகக் கொடுங்கள். வரிகளுக்கு இடையே நல்ல இடைவெளி விட்டு அச்சிட்டு, கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அறையை விட்டுக் கிளம்பும் முன் அடுத்த சந்திப்புக்குத் தேதி வாங்கிவிடுங்கள்.

சமர்ப்பிப்பு, வைவா

47. யு.ஜி.சி.யின் 2018 விதிகள்படி ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை கிடையாது. அதைத் தாண்டி 40 வரை போனால் 6 மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும், 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. நூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை, முறையாகச் சுட்டிய மேற்கோள் இவை கணக்கில் வராது.

48. ஒப்புமைச் சோதனைக்கு இன்டர்நெட் சென்டரில் காசு கொடுக்காதீர்கள். ‘ஷோத்சுத்தி’ திட்டத்தில் பல பல்கலைக்கழக நூலகங்களுக்கு அந்த மென்பொருள் கிடைத்திருக்கிறது. ஒவ்வோர் இயலும் முடிந்தவுடன் சோதித்துவிட்டால் கடைசி வாரப் பதற்றம் இல்லை.

49. முதலில் ஒரே ஒரு பிரதி அச்சிட்டு ஸ்பைரல் போட்டு, வாய்விட்டுப் படித்துத் திருத்துங்கள். அட்டை நிறம், பிரதி எண்ணிக்கை கேட்ட பிறகே கெட்டி பைண்டிங். வரைபடப் பக்கங்களை மட்டும் கலரில் அச்சிட்டால் நல்ல தொகை மிச்சமாகும். நூலகத்தின் ‘நோ டியூஸ்’ சான்றை அதற்குள் வாங்கிவிடுங்கள்.

50. ஆய்வேட்டைக் கைடோடு வெளியிலிருந்து குறைந்தது இரண்டு பேர் மதிப்பிடுவார்கள். அந்தக் காத்திருப்பில் மற்றவர்களின் வைவாக்களுக்குப் போய் உட்காருங்கள். அவை பொதுவில் நடப்பவைதான். மதிப்பீட்டாளர் அறிக்கை வந்ததும் கேள்விக்கு ஒரு ஸ்லைடு என்று பதில் தயாரித்தால் வைவாவில் தடுமாற்றம் வராது.

பட்டம் கைக்கு வந்த பிறகு ஒரு வேலை மீதம் இருக்கிறது, தோழமைகளே. உங்கள் முடிவுகளை எளிய தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி, டேட்டா தந்த ஒவ்வொரு பள்ளிக்கும் அனுப்பிவையுங்கள். பீரியடு விட்டுத்தந்த ஆசிரியர்களுக்கும் பொறுமையாக எழுதிக்கொடுத்த பிள்ளைகளுக்கும் அந்த ஒரு பக்கத்தை நாம் தந்தே ஆக வேண்டும்.